மரத்தடிச் சாப்பாட்டில் பிறந்த கிளப்: புச்சி பாபு நாயுடுவின் வாழ்க்கை

பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் புச்சி பாபு கோப்பை என்ற பெயரைப் பலர் பார்த்திருப்பீர்கள். எந்த அணி எத்தனை ரன், யார் செஞ்சுரி அடித்தார் என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். அந்தப் புச்சி பாபு யார், அவர் பெயரில் ஏன் ஒரு கோப்பை என்று கேட்பவர் குறைவு.

தென்னாட்டு கிரிக்கெட்டின் தந்தை என்று போற்றப்படுபவர் அவர். 1868-ல் பிறந்தார். 1908-ல், நாற்பது வயதிலேயே மறைந்துவிட்டார். அவர் டெஸ்ட் பந்தயம் எதுவும் ஆடவில்லை. அவர் காலத்தில் இந்தியாவுக்கு டெஸ்ட் அணியே கிடையாது. ஆட ஆசை இருந்தும் இடமில்லாமல் வேலிக்கு வெளியே நின்ற இளைஞர்களுக்கு அவர் ஒரு வாசலைத் திறந்துவிட்டார். அதுதான் அவர் செய்த பெரிய காரியம்.

நாயுடுபேட்டை, சூலூர்பேட்டை, தடா வட்டாரங்களில் கம்பெனி வேலை, கணக்கு வேலை, கடை வேலை என்று பிழைக்க வந்திருக்கும் நம்மவர்களுக்கு இவர் கதையில் ஒரு தனி ருசி உண்டு. நாம் தமிழ் பேசிக்கொண்டு தெலுங்கு மண்ணில் வாழ்கிறோம். அவரோ தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்து, சென்னைப் பட்டணத்தில் மயிலாப்பூரில் வாழ்ந்து, தமிழ்ப் பிள்ளைகளையும் சேர்த்து ஓர் ஆட்டத்தை வளர்த்தவர். அவர் காலத்தில் நாயுடுபேட்டையும் சென்னையும் ஒரே மாகாணத்தில்தான் இருந்தன. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்த பிறகே நடுவில் எல்லைக்கோடு விழுந்தது.

துபாஷ் வீட்டுப் பிள்ளை

அவருடைய முழுப்பெயர் மோதவரபு வெங்கட மகிபதி நாயுடு. வீட்டில் செல்லமாக வைத்த புச்சி பாபு என்ற பெயரே ஊருக்கும் நிலைத்துவிட்டது.

தாய்வழிப் பாட்டனார் மோதவரபு தேரா வெங்கடசாமி நாயுடு, பாரி கம்பெனியின் துபாஷாக இருந்த பெரும் செல்வந்தர். துபாஷ் என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். வெள்ளைக்காரக் கம்பெனிக்கும் உள்ளூர் வியாபாரிகளுக்கும் நடுவில் நின்று, பேச்சை மொழிபெயர்த்து, பேரம் முடித்து, சரக்குக்கும் பணத்துக்கும் பொறுப்பு ஏற்பவர் துபாஷ். அந்தக் காலச் சென்னையில் துபாஷ் குடும்பங்களின் செல்வாக்கு மிகப் பெரிது. பல துபாஷ்களுக்குத் தாய்மொழி தெலுங்கு. தொழில் மொழி ஆங்கிலம். தெருவில் பேசுவது தமிழ்.

பாட்டனார் பேரனைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த பெரிய மாளிகையில் புச்சி பாபு வளர்ந்தார். வீட்டில் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ள ஓர் ஆங்கிலேயப் பெண்மணி இருந்தார் என்றும், மாலை நேரத்தில் அவர் சிறுவர்களைச் சேப்பாக்கத்துக்கு அழைத்துப் போவார் என்றும், வெள்ளைக்காரர்கள் ஆடிய கிரிக்கெட்டை அங்கேதான் புச்சி பாபு முதலில் பார்த்தார் என்றும் சொல்வார்கள்.

சேப்பாக்கத்து வேலி

சேப்பாக்கம் மைதானத்தின் கதையையும் இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1846-ல் வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும் சேர்ந்து மதராஸ் கிரிக்கெட் கிளப் என்ற சங்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் தீவுத்திடலில் ஆடினார்கள். 1865-ல் சேப்பாக்கத்தில் நிலம் கிடைத்தது. புல்தரை போட்டு, பெவிலியன் கட்டி, அதைத் தங்கள் சொந்த இடமாக வைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கிளப்பில் இந்தியர் உறுப்பினராக முடியாது. புல் வெட்டலாம், தண்ணீர் ஊற்றலாம், பந்து பொறுக்கலாம், வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கலாம். மட்டை பிடிக்கத்தான் இடமில்லை.

ஆசைக்கு வேலி உண்டா? பார்த்துப் பார்த்தே பலர் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார்கள். கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் கிரிக்கெட் பரவியது. கொஞ்ச காலத்தில் வெள்ளைக்காரர்களே எப்போதாவது ஒரு பந்தயத்துக்கு இந்தியர்களை அழைக்கத் தொடங்கினார்கள். புச்சி பாபுவும் அவர் நண்பர்களும் அப்படித்தான் சேப்பாக்கத்தில் கால் வைத்தார்கள்.

மரத்தடிச் சாப்பாடு

மைதானத்துக்குள் இரண்டு கட்சியும் ஒரே பந்தைத்தான் அடித்தன. மதிய இடைவேளை வந்ததும் வேற்றுமை தெரிந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் பெவிலியனுக்குள் போய் மேசையில் அமர்ந்து சாப்பிட்டார்கள். இந்தியர்களுக்குப் பெவிலியனில் அனுமதி இல்லை. உடை மாற்றுவதற்கும் சாப்பிடுவதற்கும் அவர்கள் மைதானத்து ஓரத்தில் இருந்த மரங்களின் நிழலைத்தான் நாட வேண்டியிருந்தது என்பது பல காலமாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி.

வசதியான வீட்டுப் பிள்ளை அவர். வீட்டுக்குப் போனால் பணியாட்கள் பரிமாறுவார்கள். ஆனாலும் அந்த மரத்தடிச் சாப்பாடு அவரை உறுத்தியது. கோபித்துக்கொண்டு ஆட்டத்தையே விட்டிருக்கலாம். மனு எழுதிக்கொண்டு காத்திருந்திருக்கலாம். அவர் இரண்டையும் செய்யவில்லை. நமக்கென்று ஒரு கிளப், நமக்கென்று ஒரு மைதானம், நமக்கென்று ஒரு பெவிலியன் வேண்டும் என்று முடிவு செய்தார்.

1888-ல் மதராஸ் யுனைடெட் கிளப் பிறந்தது. அப்போது புச்சி பாபுவுக்கு இருபது வயது. சென்னையில் இந்தியர்களுக்காக இந்தியர்களே நடத்திய முதல் பெரிய கிரிக்கெட் கிளப் அது. கோட்டைக்கு அருகில் எஸ்பிளனேடு பகுதியில் அதற்கு இடம் கிடைத்தது.

பம்பாயில் பார்சிக்காரர்கள் இதற்கும் முன்பே வழிகாட்டியிருந்தார்கள். 1848-லேயே அவர்கள் ஒரு கிரிக்கெட் கிளப் வைத்தார்கள். 1886-ல் கப்பலேறி இங்கிலாந்துக்கும் போய் ஆடினார்கள். அங்கேயும் மைதானத் தகராறுதான். பார்சிகள் ஆடும் தரையில் வெள்ளைக்காரர்கள் குதிரை ஏறிப் போலோ ஆடித் தரையைக் குழி குழியாக்கினார்கள். அதை எதிர்த்து மனுவுக்கு மேல் மனு போட வேண்டியிருந்தது. எந்த ஊரிலும் ஆட்டத்தின் முதல் சண்டை தரைக்குத்தான்.

கிளப் என்றால் என்ன?

பெயர்ப்பலகை மாட்டினால் கிளப் ஆகிவிடாது. ஓர் இளைஞன் விளையாட்டில் நுழையவும், நுழைந்தவன் முன்னேறவும் நான்கு வசதிகள் வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கொடுத்தார் புச்சி பாபு.

முதல் வசதி இடம். கிரிக்கெட்டுக்குச் சமமான தரை வேண்டும். பந்து எங்கே குத்தி எங்கே எழும் என்று தெரியாத கட்டாந்தரையில் ஆடினால் மட்டைக்காரன் பயந்து பழகுவானே தவிர அடித்துப் பழக மாட்டான். நல்ல தரையில் தினமும் பயிற்சி செய்தவர்களோடு, எப்போதாவது கிடைத்த திடலில் ஆடியவர்கள் மோதினால் முடிவு என்னவாகும்? கிளப் மைதானம் அந்தக் குறையைத் தீர்த்தது.

இரண்டாவது வசதி சாமான். மட்டை, பந்து, காலில் கட்டும் பேடு, கைக்கு உறை எல்லாம் அப்போது இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தன. ஒரு நல்ல மட்டையின் விலை சாதாரணக் குமாஸ்தாவின் சம்பளத்துக்கு எட்டாதது. திறமை இருந்தும் வசதி இல்லாத பல இளைஞர்களுக்குப் புச்சி பாபு தம் கைக்காசைப் போட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தார், ஆடவும் சொல்லிக் கொடுத்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

மூன்றாவது வசதி ஆள். பல தெருக்களிலிருந்தும் பல கல்லூரிகளிலிருந்தும் இளைஞர்களை அவர் ஓர் அணியாகச் சேர்த்தார். தெலுங்கர், தமிழர் என்ற பாகுபாடு அணியில் நுழையவில்லை.

நான்காவது வசதி எதிரணி. தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் தரம் உயராது. தம்மைவிடப் பலமான அணியோடு அடிக்கடி மோத வேண்டும். தோற்றுத் தோற்றுத்தான் கற்க வேண்டும். சென்னையில் அப்போது பலமான அணி சேப்பாக்கத்து வெள்ளைக்கார அணிதான். ஆகவே அவமானப்பட்ட அந்த அணியோடேயே மீண்டும் மோதுவது என்று அவர் தீர்மானித்தார். இம்முறை போனவர்கள் அழைக்கப்பட்ட விருந்தாளிகள் அல்ல. தமக்கென்று ஒரு வீடு உள்ள எதிரணி.

யுனைடெட் கிளப்பைப் பார்த்து மற்றவர்களுக்கும் துணிவு வந்தது. திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப், மயிலாப்பூர் ரிக்ரியேஷன் கிளப் போன்றவை தோன்றிப் புகழ் பெற்றன. தெருவுக்குத் தெரு போட்டி வந்தது. போட்டி வந்ததும் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததும் ஆட்டம் ஊருக்குச் சொந்தமாயிற்று.

பந்தயத்துக்கு முன் முடிந்த ஆயுள்

புச்சி பாபுவின் மனத்தில் ஒரு பெரிய திட்டம் இருந்தது. மாகாணத்திலுள்ள சிறந்த இந்திய ஆட்டக்காரர்களெல்லாம் ஓர் அணி. சிறந்த ஐரோப்பிய ஆட்டக்காரர்களெல்லாம் ஓர் அணி. இரண்டும் ஆண்டுதோறும் சேப்பாக்கத்தில் மோத வேண்டும். இருபது ஆண்டு உழைப்பின் பயனாக, வெள்ளைக்காரர்களும் இதற்குச் சம்மதித்தார்கள். 1908-ஆம் ஆண்டின் கடைசியில் பந்தயம் நடத்துவதென்று ஏற்பாடு ஆயிற்று.

அந்தப் பந்தயத்தைப் பார்க்கப் புச்சி பாபு இல்லை. நாள் நெருங்கிய வேளையில் அவர் காலமானார். அவருக்கு வயது நாற்பது. ஏற்பாட்டைக் கைவிட நண்பர்களுக்கு மனம் வரவில்லை. அவர் நினைவாகவே பந்தயத்தை நடத்தி முடித்தார்கள்.

அதன் பிறகு கொஞ்ச காலம் தேக்கம். 1915-16-ல் இந்தியர், ஐரோப்பியர் பந்தயம் முறையாகத் தொடங்கியது. மாகாணப் பந்தயம் என்பது அதன் பெயர். பொங்கலை ஒட்டி நடந்ததால் மக்கள் அதைப் பொங்கல் பந்தயம் என்றே சொன்னார்கள். ஆபீசுக்கும் கடைக்கும் விடுமுறை கிடைக்கும் நாட்கள் அவை. குமாஸ்தாக்களும் தொழிலாளிகளும் பள்ளிப் பிள்ளைகளும் கூட்டம் கூட்டமாகச் சேப்பாக்கத்துக்குப் போனார்கள். ஒரு காலத்தில் இந்தியர் வேலிக்கு வெளியே நின்ற அதே இடத்தில், இந்தியர் அடித்த ஒவ்வொரு ரன்னுக்கும் கரகோஷம் எழுந்தது.

பின்னாளில் இந்தியாவின் முதல் டெஸ்ட் காப்டனான சி.கே.நாயுடு இந்தப் பந்தயத்தில் ஆடியிருக்கிறார். 1920-ஐ ஒட்டிய ஒரு பந்தயத்தில் அவர் அடித்த சிக்ஸர் மைதானத்தைத் தாண்டி, வெளியே இருந்த தென்னை மரத்தருகே விழுந்தது என்பது சென்னையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. மாகாணப் பந்தயம் 1952 வரை நடந்தது. அந்த 1952 பிப்ரவரியில்தான் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டது. இங்கிலாந்தை வென்ற இடம் வேறெதுவும் இல்லை, அதே சேப்பாக்கம்.

பிள்ளைகள் காத்த பெயர்

புச்சி பாபுவின் மக்கள் வெங்கடராமானுஜுலு, பாலையா, ராமசாமி மூவரும் சிறந்த ஆட்டக்காரர்கள். தந்தை பெயரில் ஒரு போட்டியை நிலைநிறுத்தியவர்களும் குடும்பத்தாரும் யுனைடெட் கிளப்பும்தான். சென்னைக்குள் நடந்த அந்தப் போட்டி 1960-களில் அகில இந்திய அழைப்புப் போட்டியாக வளர்ந்தது.

மூவரில் சி.ராமசாமியின் கதை தனிக் கதை. வேறு குடும்பத்துக்குச் சுவீகாரம் போனதால் அவருடைய இனிஷியல் மாறியது. 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிசில் இந்தியாவுக்காக ஆடினார். பதினான்கு ஆண்டு கழித்து, 1936-ல், கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்குப் போனார். முதல் டெஸ்ட் ஆடியபோது அவருக்கு வயது நாற்பது. தந்தை இறந்த வயது அது. ஆடியது இரண்டே டெஸ்ட். எடுத்த ரன்கள் 40, 60, 29, அவுட் ஆகாமல் 41. வயதாகிவிட்டது என்று மட்டையை மூலையில் வைப்பவர்கள் இந்த நான்கு எண்களை நினைத்துக்கொள்ளலாம்.

எட்டாத கை

புச்சி பாபுவைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொண்டால் கதை முழுமையாகாது. அவர் திறந்த வாசல் பெரிது. ஆனால் எல்லோருக்கும் திறந்ததல்ல. அந்தக் காலத்துக் கிளப்புகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், வசதியுள்ளவர்கள், மேல்நிலைக் குடும்பத்தார். மூட்டை தூக்கியவனும் ஆலையில் நின்றவனும் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்த்தார்கள்.

புனாவில் நடந்ததைக் கேளுங்கள். பல்வங்கர் பாலு என்பவர் தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த பந்து வீச்சாளர். வெள்ளைக்காரர்களின் கிளப்பில் வலை கட்டவும் தரையைப் பராமரிக்கவும் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பந்து வீசிப் பழகினார். அவர் இல்லாமல் ஜெயிக்க முடியாது என்பதால் இந்துக்களின் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. மைதானத்துக்குள் எல்லோரும் ஒரே பந்தைத் தொட்டார்கள். இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள் தேநீர் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் ஊற்றினார்கள். சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரன் நமக்குச் செய்ததை, புனாவில் நம்மவர்களே நம்மவருக்குச் செய்தார்கள். 1911-ல் இந்திய அணி இங்கிலாந்து சென்றபோது அந்தப் பாலுதான் நூற்றுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1923-ல் அவருடைய தம்பி விட்டல் இந்து அணியின் காப்டனானார்.

ஒரு வாசல் திறந்தால் போதாது. உள்ளே போனவர்கள் அடுத்தவனுக்கு வழிவிட வேண்டும். அது மெல்ல மெல்லத்தான் நடந்தது.

குமாஸ்தாவும் கூலிக்காரர் மகனும்

செங்கற்பட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர் எம்.ஜே.கோபாலன். அவருடைய வேகப்பந்தைக் கண்டு வியந்த ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆட்டக்காரர், அவருக்குப் பர்மா ஷெல் கம்பெனியில் வேலை கிடைக்கச் செய்தார். விளையாட்டுக்காக வேலை என்ற வழி அப்போதே இருந்தது. 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தயம் நடந்தபோது, சென்னைக்காக முதல் பந்தை வீசியவர் இந்தக் கோபாலன்தான். ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடினார்.

நம் காலத்தில் சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜனை எல்லோருக்கும் தெரியும். அப்பா கூலித் தொழிலாளி. அம்மா சாலையோரக் கடை வைத்தவர். ஊரில் டென்னிஸ் பந்தில்தான் நடராஜன் பழகினார். இருபது வயதை ஒட்டித்தான் சென்னைக்கு வந்து நான்காம் டிவிஷன் லீகில் தோல் பந்து வீசினார். அங்கிருந்து முதல் டிவிஷன், பிறகு தமிழ்நாட்டு அணி, பிறகு இந்திய அணி. 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடினார். 2023-ல் தம் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானத்தை அமைத்துக் கொடுத்தார். உள்ளே போனவர் அடுத்தவனுக்கு வழிவிட்டதற்கு இது ஓர் உதாரணம்.

வெளி மாநிலத்தில் வாழும் நமக்கு இன்னும் நெருக்கமான பெயர் மிதாலி ராஜ். தமிழ்க் குடும்பம். பிறந்தது ராஜஸ்தானத்தில். வளர்ந்தது தெலுங்கு நாட்டில், செகந்தராபாதில். ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே ஆடி, இந்தியப் பெண்கள் அணிக்குக் காப்டனாகி, சர்வதேசப் பந்தயங்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ரன் குவித்து, 2022-ல் ஓய்வு பெற்றார். ஊர் மாறி வாழ்வது விளையாட்டுக்குத் தடையாகிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாயுடுபேட்டையில் நாம்

புச்சி பாபுவிடம் பணம் இருந்தது. நம்மிடம் இல்லை. ஆனால் அவர் தேடிய நான்கு வசதிகளையும் நம் அளவில் நாமும் தேடலாம்.

இடத்துக்குப் பள்ளி மைதானங்கள் இருக்கின்றன. தலைமை ஆசிரியரிடம் முறையாக எழுதிக் கொடுத்து, ஆட்டம் முடிந்ததும் குப்பையை அகற்றி, சுவரையும் ஜன்னலையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அனுமதி கிடைக்கும். அனுமதி இல்லாமல் புகுந்தால் ஒரு நாள் ஆடலாம். அனுமதியோடு போனால் ஆண்டு முழுவதும் ஆடலாம்.

சாமானுக்குச் சீட்டுப் பிடிப்பது நமக்குத் தெரிந்த வித்தை. பதினைந்து பேர் மாதம் ஒரு சிறு தொகை போட்டு, ஒரு பெட்டியில் பொதுச் சாமான் வைத்துக்கொள்ளலாம். கணக்கெழுதும் குமாஸ்தா ஒருவர் அணியில் இருப்பார். பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தால் சண்டை வராது. அந்தச் செலவும் கட்டாது என்றால் வாலிபால் இருக்கிறது, கபடி இருக்கிறது. நாம் சடுகுடு என்கிறோம். இங்கே செடுகுடு என்கிறார்கள். பெயரிலும் பெரிய தூரமில்லை.

ஆள் சேர்க்கும்போது தமிழ் அணி, தெலுங்கு அணி என்று பிரிக்க வேண்டாம். ஷிப்டுவாரியாகவோ தெருவாரியாகவோ பிரித்தால் இரண்டு மொழிக்காரரும் கலப்பார்கள். பாஷை வராதவன்கூட ஆறு மாதத்தில் பேசக் கற்றுக்கொள்வான்.

மட்டை பிடிக்க முடியாதவர்களுக்கும் விளையாட்டில் வேலை உண்டு. அம்பயர் வேலை, ஸ்கோர் எழுதும் வேலை, தரை தயாரிக்கும் வேலை, சிறுவர்களுக்குப் பயிற்சி தரும் வேலை எல்லாம் விளையாட்டின் பகுதிகள்தான். அம்பயர்களுக்கும் ஸ்கோரர்களுக்கும் சங்கங்கள் பரீட்சை வைக்கின்றன. கணக்கில் கவனமுள்ள குமாஸ்தாவுக்கு ஸ்கோர் புத்தகம் கைவந்த கலை.

பிள்ளைகளை முன்னுக்குக் கொண்டுவர நினைக்கும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் படி பள்ளி அணி. அடுத்த படி மாவட்டத் தேர்வு. அதன் பிறகு 16 வயதுக்குட்பட்டோர், 19 வயதுக்குட்பட்டோர், 23 வயதுக்குட்பட்டோர் என்று மாநில அணிகள் இருக்கின்றன. 23 வயதுக்குட்பட்டோருக்கான கோப்பைக்கு சி.கே.நாயுடுவின் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். 1953-54-ல் ஆந்திரா முதல் முறையாக ரஞ்சிக் கோப்பையில் ஆடியபோது அணிக்குக் காப்டனும் அவர்தான். நாயுடுபேட்டை 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. ஆகவே எந்த மாவட்டச் சங்கத்தில் பெயர் பதிவு செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, இருப்பிடச் சான்று மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கட்டும். ஊர்விட்டு ஊர் வந்த பல குடும்பங்களில் பிள்ளையின் திறமை இந்தக் காகிதத்தில்தான் இடறி விழுகிறது. வயதைக் குறைத்துச் சொல்லலாம் என்றும் நினைக்க வேண்டாம். எலும்புச் சோதனை வைத்துக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

பணம் கொடுத்தால் அணியில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பல குடும்பங்கள் இப்படி நகையை அடகு வைத்து ஏமாந்திருக்கின்றன. தேர்வுக்கு இருக்கும் வழி மைதானத்தில்தான்.

கோப்பை போன ஊர்கள்

சில ஆண்டுகள் நின்றிருந்த புச்சி பாபு கோப்பை 2023-ல் மீண்டும் தொடங்கியது. 2024-ல் பந்தயங்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, நத்தம் ஆகிய ஊர்களில் நடந்தன. ஒரு காலத்தில் சென்னைக்குள்ளேயே, அதுவும் ஒரு சிலருக்கே கிடைத்த ஆட்டம், வெளியூர்ப் பிள்ளைகள் சைக்கிளில் போய்ப் பார்க்கும் தூரத்துக்கு வந்துவிட்டது. பெரிய பெரிய அணிகள் மோதும் கோப்பையில், மரத்தடியில் சாப்பிட்ட ஓர் இளைஞரின் பெயர் இன்னமும் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாயுடுபேட்டையில் இரண்டு அணிகள் ஆடினால், ஒரு சின்ன ஏற்பாடு செய்து பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவர், தோற்றவர், அம்பயர், ஸ்கோர் எழுதியவர், பந்து பொறுக்கிய சிறுவன் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து புளியோதரையோ புலிஹோராவோ சாப்பிடட்டும். புச்சி பாபுவுக்கு அதைவிடப் பொருத்தமான நினைவு விழா இருக்க முடியாது.